கோட்டை காத்தல்

மக்கள் வாழ்வில் நிகழ்ந்தவை மொழியில் மரபுத்தொடர்களாய் நிலைபெறுதல் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹோல்டு தி போர்ட்’ என்னும் தொடர் அத்தகையது. ‘கோட்டையைக் காத்து நில்’ என்பது அதன் நேர்பொருள். உரியவர் திரும்பி வருமளவும் அவர் பணியைத் தளராது தாங்குதலை இன்று அது குறிக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், அல்லட்டூனா என்னும் கணவாயில் இருந்த வடவர் அரணைத் தென்னவர் படை தாக்கிற்று. வடவர் படைத்தலைவர் ஷெர்மன், தொலைவில் உள்ள மலையினின்று கொடி அசைவினால், உதவி வரும்வரை தாங்கி நிற்குமாறு செய்தி விடுத்தார். அரணில் இருந்தோர் பலரை இழந்தும் இடம்பெயராது பொருதனர், பகைவர் பின்வாங்கினர். 1870இல் பிலிப் பிளிஸ் என்பார் இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு ஒரு கிறித்தவப் பாடல் இயற்றினார். பாடல் பரவவே, தொடரும் பரவியது.

இத்தொடரின் பொருளை விளக்கவல்ல நிகழ்ச்சியொன்று, அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகட்கு முன்னரே தமிழகத்தில் நடந்தது. விழுப்புரம் மாவட்டம் பாறைக் குன்றுகள் பல உடையது. அவற்றுள் பனமலைக் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் சிவன்கோயில் எடுப்பித்தான். செஞ்சிக் குன்றுகளின்மேலோ பிற்கால மன்னர் கோட்டை அமைத்தனர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதில் இணைக்கின்றது.

1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி வலிமைப்படுத்தினார். அவர் மைந்தர் இராஜாராம், மராட்டிய நாட்டை முகலாயர் நெருக்கியமையால், 1689இல் செஞ்சியை அடைந்தார். மறு ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் கோட்டையை முற்றுகையிட்டான். 1692ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர் துணைப்படையுடன் வந்தனர். வளைக்க வந்தவனே வளைக்கப்பட்டு, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. எனினும் அவன் மீண்டும் வந்து முற்றுகையிட்டான். முடிவில் 1698இல் கோட்டை வீழ்ந்தது. அதன்முன்னரே இராஜாராம் தப்பி வெளியேறிவிட்டார்.

அங்ஙனமாயின், காத்தவர் உழைப்பு வீணோ? அன்று. முகலாயப் பெரும்படையொன்று எட்டாண்டுக் காலம் செஞ்சியில் கட்டுண்டு கிடந்தது. அதற்குள் மராட்டியர் தம் நாட்டில் மீண்டும் வலிமை திரட்டினர். 1707இல் ஔரங்கசீப் இறக்குமளவும் அவர்களை அடக்க இயலவில்லை.

அல்லட்டூனாவின் அரண் நிலைத்தது. செஞ்சிக் கோட்டை வீழ்ந்தது. ஆயினும் இரண்டிடத்தும் காத்தோர் செய்த செயல் ஒன்றே. தாம் தாங்கி நின்ற ஒவ்வொரு நாளையும் அவர்கள் பிறர்க்கு ஈட்டித் தந்தனர். கோட்டை காத்தல் என்பதன் பொருள் அதுவேயாம்.