பொதுக் கணிப்பொறியும் பிறர் பங்கும்



பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வழங்கப்படுகின்றன. கூடவே விதிமுறைகள் அடங்கிய ஒரு தாளும் தரப்படுவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. கையொப்பமிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். கட்டணத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி அக்கறையோடு விசாரிக்கும் வாப்பாவும் உம்மாவும்கூட, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

விதிகள் பல இருந்தாலும் அவற்றின் சாரம் ஒன்றுதான். இந்தச் சாதனம் உனக்கு மட்டும் உரியதன்று. உன்னிடம் அது ஒரு நோக்கத்திற்காக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்த நோக்கத்தைத் தாண்டினால் நீ கை வைப்பது பிறர் பங்கின்மீது. இந்த உண்மையை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதைச் சற்று பார்ப்போம்.

நான்கு மணி நேரப் பங்கு

ஒரு கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1961 நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். அவரவர் கோப்புகள் அவரவருக்கே உரியவையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. பயன்படுத்தும் நேரமும் அளந்தே தரப்பட்டது.

அங்கு முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோருடைய கடவுச்சொற்களும் பதிந்திருந்த கோப்பை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளை அட்டை மூலம் கணிப்பொறிக்குக் கட்டளையிட்டார். மறுநாள் காலை அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு பிறர் பெயரில் நுழைந்து, அவர்களுடைய நேரத்தைத் தம் ஆய்வுக்குச் செலவிட்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் பணம் எதையும் எடுக்கவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் நேரம் அளந்து பகிரப்படும் இடத்தில் ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் மற்றொருவருக்குக் குறைகிறது. அந்த மற்றவரும் ஒரு மாணவர்தாம். அவருக்கும் முடிக்க வேண்டிய பாடம் இருந்தது.

ஒரே இரவில் நடந்தது

1988 நவம்பர் 2 அன்று நடந்தது இதைவிடப் பன்மடங்கு பெரியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் மேற்படிப்பில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர், தானே தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டு பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். வந்த இடம் தெரியக் கூடாது என்பதற்காக, மாசசூசெட்ஸ் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்றிலிருந்து அதை ஏவினார்.

அந்த நிரல் கோப்புகளை அழிக்கவில்லை. வலையமைப்புகளின் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்று காட்டுவதே நோக்கம் என்று பின்னர் கூறப்பட்டது. அஞ்சல் அனுப்பும் நிரலில் இருந்த ஓட்டையின் வழியாகவும், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களின் வழியாகவும் அது உள்ளே நுழைந்தது. ஊகிப்பதற்கென்றே 432 சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்று அதனுள் இருந்தது. வியப்பு என்னவென்றால், மோரிஸின் தந்தை கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றி 1979இல் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதியவர்களுள் ஒருவர்!

மோரிஸின் கணக்கு ஓரிடத்தில் பிசகியது. ஒரு கணிப்பொறியில் தன் பிரதி ஏற்கெனவே உள்ளதா என்று நிரல் கேட்கும். 'உள்ளது' என்ற பதில் வந்தாலும், ஏழு முறைக்கு ஒரு முறை மீண்டும் பிரதி எடுத்துக்கொள்ளும். இந்த ஏழில் ஒன்று, அவர் எண்ணியதைவிட மிக வேகமாகப் பெருகியது. பாரம் தாங்காமல் கணிப்பொறிகள் திணறி நின்றன. பல்கலைக்கழகங்கள், இராணுவ மையங்கள், மருத்துவ ஆய்வுக்கூடங்கள் என ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது.

விபரீதத்தை உணர்ந்த மோரிஸ், ஹார்வர்டில் இருந்த நண்பரைத் தொடர்புகொண்டார். நிரலை நிறுத்தும் வழியை விளக்கி, பெயர் குறிப்பிடாத செய்தி ஒன்று அனுப்பப்பட்டது. ஆனால் அந்த நிரலால் வலையமைப்பே அடைபட்டுக் கிடந்ததால், செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கேடு விளைவித்தவரே மனம் மாறினாலும் கேட்டைத் திரும்பப் பெற இயலாமற்போனது.

அனுமதியின் எல்லை

1990இல் மோரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அவர் தரப்பு வைத்த வாதம் நாம் கவனிக்க வேண்டியது. பல்கலைக்கழகமே அவருக்குக் கணக்கு வழங்கியிருந்ததே, அப்படியிருக்க அனுமதியின்றி நுழைந்தார் என்பது எப்படி என்று கேட்டனர். 1991இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அஞ்சல் நிரல் எந்தப் பணிக்காக அமைக்கப்பட்டதோ அந்தப் பணிக்கு அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்று சுட்டிக்காட்டியது.

வாசற்கதவு திறந்திருப்பதாலேயே பெட்டியைத் திறக்கும் உரிமை விருந்தினருக்கு வந்துவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மற்றொரு நிகழ்ச்சி 2010 அக்டோபரில் நடந்தது. மாசசூசெட்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக ஒருவர், ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்த் தொகுப்பிலிருந்து ஏராளமான கட்டுரைகளைத் தானியங்கி நிரல் கொண்டு இறக்கினார். விளைவாக, அந்த வளாகம் முழுவதற்கும் ஜேஸ்டோர் சேவை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. அறிவு அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற வேட்கை போற்றத்தக்கதே. ஆயினும் அந்தச் சில நாட்களில் நூலகத்தில் அமர்ந்து ஒரு கட்டுரையைத் தேடிய மாணவர், ஒரு தவறும் செய்யாமலேயே அதை இழந்தார்.

நம் பிள்ளைகளுக்கு

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியில் நுழைவதையும் அதில் நச்சுநிரல் புகுத்துவதையும் தடுக்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகைய நோக்கத்தோடு பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும் 66-சி பிரிவின்படி குற்றமே.

ஆனால் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பதே மேல். நெருங்கிய தோழராயினும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். அவர் செய்யும் பிழை உங்கள் பெயரில் பதிவாகும். ஆய்வுக்கூடத்திலிருந்து எழும் முன் கணக்கை மூடிவிட்டு எழுங்கள். முந்தியவர் மூடாமல் போயிருந்தால், உள்ளே பார்க்காமல் நீங்களே மூடிவிடுங்கள். மாலை நேரத்தில் விடுதி முழுவதும் ஒரே இணைப்பை நம்பியிருக்கும்போது, பெரிய திரைப்படங்களை இறக்க வேண்டாம்.

பிள்ளைகளின் ஆர்வத்தை அணைத்துவிடவும் கூடாது. ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் பொறுப்பாளரிடம் சொல்லட்டும். சோதித்துப் பார்க்க விரும்பினால் தம் சொந்தக் கணிப்பொறியில் சோதிக்கட்டும். மோரிஸ் பிற்காலத்தில் அதே மாசசூசெட்ஸ் நிறுவனத்தில் பேராசிரியரானார். அவருடைய அறிவு குறையுடையதன்று. அன்றிரவு அவர் தேர்ந்துகொண்ட இடமே தவறானது.

பொதுச் சாதனத்தின் முன் அமரும் ஒவ்வொருவருக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை காத்திருக்கிறது. அந்த வரிசையில் நிற்பவர்களை நினைத்துப் பார்க்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக!