வழிபாட்டுக் கட்டடங்களின் அழகை ஒப்பிடுதல்

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்துவாரா ஆகியவற்றுள் எது அழகானது என்ற கேள்வி சுற்றுலாப் பயணிகளிடமும் மாணவர்களிடமும் அடிக்கடி எழுகிறது. கேள்வி எளிதாகத் தோன்றினாலும், விடை சொல்பவர் தமக்குப் பழகிய ஒரு கட்டடத்தைத் தம்மையறியாமலேயே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். அளவுகோல் பிறழ்ந்தால் பெரிய அறிஞரும் தவறுவார் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நூலே சான்று.

பெர்குசன் கண்ட குறை

ஜேம்ஸ் பெர்குசன் (1808–1886) ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வங்காளத்தில் அவுரி வணிகம் செய்தவர். இந்தியக் கட்டடங்களை ஊர் ஊராகச் சென்று பார்த்து, 1876இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை விரிவான நூலாக வெளியிட்டார். தென்னாட்டுக் கோயில்களின் உழைப்பையும் சிற்பத் திறனையும் அவர் வியந்தார். ஆனால் அமைப்பில் பெரும் பிழை இருப்பதாகக் கருதினார். வெளிக் கோபுரம் மிக உயரமாக இருக்கிறது. உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்கள் சிறுக்கின்றன. இறைவன் இருக்கும் கருவறையோ எல்லாவற்றிலும் சிறியது. முதன்மையானது பெரிதாக இருக்க வேண்டாமா என்பதே அவரது வாதம். தஞ்சைப் பெரிய கோயிலை மட்டும் அவர் பாராட்டினார். அங்கு ஏறத்தாழ 216 அடி உயர விமானம் கோபுரங்களை விஞ்சி நிற்கிறது.

இந்த வாதத்திற்குப் பின்னால் ஐரோப்பியத் தேவாலயம் இருக்கிறது. அங்கே தொலைவிலிருந்து தெரியும் உயரமும் உள்ளே நின்று காணும் உயரமும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டுக் கோயிலோ ஒரே நாளில் வரையப்பட்டு எழுந்த கட்டடம் அன்று. நடுவில் உள்ள பழைய சிறு கருவறையை இடிக்க யாருக்கும் மனம் வராது. இடிப்பது முறையும் ஆகாது. எனவே பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர் எனப் பின்வந்தோர் அதைச் சுற்றித் திருச்சுற்றுகளையும் மண்டபங்களையும் கோபுரங்களையும் எழுப்பினர். கோயில் வெளிநோக்கி வளர்ந்தது. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தெற்கு இராசகோபுரம் பல நூற்றாண்டுகள் முடிக்கப்படாமல் நின்று, 1987இல்தான் 236 அடி உயரத்துடன் நிறைவு பெற்றது.

இதைவிட முக்கியமான காரணம் வழிபாட்டு முறை. வெயில் காயும் வெளிச்சுற்றிலிருந்து மண்டப நிழலுக்குள் நுழைந்து, அர்த்தமண்டபம் தாண்டிக் கருவறை முன் நிற்கும்போது வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது, கூரையும் தாழ்கிறது. கண் இருளுக்குப் பழகிய வேளையில் தீபாராதனை காட்டப்படுகிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே முழுக் கட்டடமும் ஆயத்தம் செய்கிறது எனலாம். கருவறை பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருந்திருந்தால் அந்தத் தீபத்திற்கு என்ன வேலை? 'கருவறை' என்ற சொல்லே போதுமான விளக்கம். தஞ்சையிலும், உள்ளே நிற்பவருக்கு விமானத்தின் உயரம் தெரிவதில்லை. கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில் இருக்கும் சோழர் ஓவியங்கள் நாயக்கர்கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931இல்தான் வெளிப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த உள்ளழகைக் காண எல்லாருக்கும் உரிமை இருந்ததில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்கள் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்கள் 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தனர். அதுவரை அவர்களுக்கு அக்கோயிலின் அழகு என்பது வெளிக் கோபுரம் மட்டுமே.

ஒளியை உள்ளே கொண்டுவந்தவர்கள்

இதற்கு நேர்மாறானது இசுதான்புல்லின் ஆயா சோபியா. கி.பி. 537இல் பேரரசர் சசுதீனியன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெளிப்புறம் அலங்காரம் குறைந்தது; முட்டுச்சுவர்களால் கனத்துத் தெரிவது. உள்ளே நுழைந்தவருக்கோ ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடம் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும். குவிமாடத்தின் அடியில் வரிசையாக 40 சன்னல்கள் வைத்து, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒளியை நிரப்பியதே இதன் உத்தி. முதல் குவிமாடம் 558இல் இடிந்து விழ, முன்னிலும் உயரமாகத் திரும்பக் கட்டினர். தேவாலயமாகப் பிறந்த இது 1453க்குப் பின் பள்ளிவாசலாகவும், 20ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகவும் இருந்து, 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. இரு சமயத்தார் தொழுத ஒரே கட்டடத்தில் எந்தச் சமயத்தின் அழகைப் பிரித்தெடுப்பது?

கோதிக் தேவாலயங்கள் வேறு வழியில் ஒளியைத் தேடின. 1194 தீவிபத்துக்குப் பின் எழுந்த பிரான்சின் சார்த்தர் பேராலயத்தில், கூரையின் உந்துவிசையை வெளியே நிற்கும் பறக்கும் முட்டுகள் தாங்கிக்கொள்கின்றன. சுவருக்குச் சுமை குறைந்ததால் அங்கே பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை அமைக்க முடிந்தது. இவ்வகைச் சன்னலைப் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் கறுத்துக் கிடக்கும். உள்ளிருந்து பார்த்தால்தான் நிறம் எரியும். சென்னைச் சாந்தோம் பேராலயத்தில் (1896) இதை எவரும் நேரில் சோதித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோயிலோ சுதைச் சிற்பங்களையும் நிறங்களையும் வெளிக்கோபுரத்தில் காட்டிவிட்டு, உள்ளே இருளைக் காக்கிறது.

வெறுமையும் ஓர் அழகு

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சார்த்தரின் வண்ணச் சன்னல்களை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். லூத்தரன் வழிபாட்டில் வேதவசனத்தைக் கேட்பதே முதன்மை. சிலுவை வடிவத் தரையமைப்பும் வெள்ளைச் சுவரும் பிரசங்கப் பீடமும் அதற்குப் போதும்.

அமிர்தசரசின் அரிமந்திர் சாகிபில் பலரும் பொன்னைத்தான் பார்க்கிறார்கள். பொன்தகடு மகாராசா இரஞ்சித்சிங் காலத்தில் வந்தது. அதற்கு முன்பே இருந்த அழகு அமைப்பில் உள்ளது: மேடைமேல் ஏறிச் செல்லாமல், படிகளில் இறங்கி நீர்நடுவே செல்ல வேண்டும், வாயில்கள் நான்கு திசையிலும் உண்டு.

அதே உளி, வேறு தொழுகை

ஒப்பீட்டுக்கு மிகச் சிறந்த பாடம் தமிழகக் கடற்கரையிலேயே இருக்கிறது. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரைச் சும்மா பள்ளி, கோயில் மண்டபத்தை ஒத்த கருங்கல் கட்டடம். தட்டையான கல்கூரை, போதிகையுடன் கூடிய தூண்கள் என எல்லாம் தமிழகச் சிற்பியின் கைப்பழக்கம். ஆனால் தூணில் கடவுளோ யாளியோ மனிதரோ இல்லை. பூவும் கொடியும் வடிவியல் கோலங்களும் மட்டுமே. உருவம் கூடாது என்ற நெறி சிற்பியின் கலையைக் குறைக்கவில்லை. வேறு பக்கம் திருப்பியது. இத்தகைய பள்ளிகளுக்குக் 'கல்லுப்பள்ளி' என்றே பெயர்.

துருக்கியக் கட்டடக் கலைஞர் சினான், எதிர்னே நகரின் செலிமியே பள்ளிவாசலில் (1575) எட்டுப் பெருந்தூண்களின் மேல் ஒரே பெரிய குவிமாடத்தை நிறுத்தி, தொழுவோர் கூடும் நடுவெளியைத் தடையின்றி விரித்தார். கீழக்கரையில் வரிசைகள் தூண்களுக்கிடையே அமைகின்றன. கல் உத்திரம் நீண்ட தூரம் தாங்காது என்பதால் தூண்கள் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று. குவிமாடம் பள்ளிவாசலுக்குக் கட்டாயம் அன்று. கிப்லாவை நோக்கி ஒழுங்காக நின்று தொழ இடமும், உளூச் செய்ய நீரும் இருந்தால் போதும்.

இது ஏட்டளவிலான விவாதம் அன்று. 'பள்ளிவாசல் போல இல்லை' என்ற எண்ணத்தாலும் இடநெருக்கடியாலும் சிற்றூர்களில் பழைய கல்லுப்பள்ளிகள் இடிக்கப்பட்டு, காங்கிரீட் குவிமாடங்கள் எழுந்துள்ளன. கோயில்களில் மணல் பீய்ச்சித் தூய்மை செய்ததில் தூண் சிற்பங்களின் கூர்மையும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. மண்டபத் தரையில் பளபளக்கும் ஓடு பதித்ததில் அடித்தளக் கல்வெட்டுகள் சில மறைந்தன.