பிறப்பின் மேல் சுமத்திய குற்றம்

மனிதனுடைய நடத்தைக்கு அவன் பிறப்பு எவ்வளவு தூரம் காரணம் என்னும் கேள்வி, பண்டிதர்களின் தர்க்கத்துக்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஒரு சர்க்கார் தவறான விடை கூறியதால், நமது சேலம், நாமக்கல் சீமையில் ஜனங்கள் தலைமுறைக் கணக்கில் அவதியுற்றனர்.

உப்புக் குறவர் என்ற பெயரே அவர்கள் தொழிலைச் சொல்லும். கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றிவந்து, உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றி ஜீவித்தவர்கள் அவர்கள். 1862-க்குள் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேல்கரை வரை ரெயில் ஓடலாயிற்று. பொதிமாட்டுக்கு வேலை குறைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எஞ்சிய பிழைப்பையும் பறித்தது. பிழைப்பிழந்தோரில் சிலர் திருடியிருக்கலாம். அதற்குக் காரணம் வயிறு என்று காணாமல், ரத்தம் என்று முடிவு கட்டினர் ஆட்சியாளர். வடநாட்டில் 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் அமுலுக்கு வந்தது. கைரேகைப் பதிவு, போலீஸாரிடம் ஆஜராதல், ஊர்விட்டு ஊர் போகத் தடை ஆகியவற்றோடு, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அச்சட்டம் இடங்கொடுத்தது.

நாம் கேட்கிறோம்: திருட்டு ரத்தத்தில் ஊறியதாயின், ரெயில் வருமுன் அதே ரத்தம் ஊரூராக உப்பு விற்று வாழ்ந்தது எப்படி?

பரம்பரைக்கு வலிமையே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. மனச்சிதைவு என்னும் வியாதியை எடுத்துக்கொள்வோம். பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது, தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவர் வரை வரக்கூடும். மற்ற ஒன்பது பேருக்கு வருவதில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒருவருக்கு அந்நோய் கண்டால், மற்றவருக்கும் காண்பது பாதிக்கு மேற்படுவதில்லை. 2022-ல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி ஒன்று, இந்நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் கண்டது. தனித்தனியே அவற்றின் பலம் அற்பமே. பிறவி தருவது சாய்வு, விதியன்று. கர்ப்ப கால போஷணையும், பால்யத்துத் துன்பமும், கஞ்சா போன்ற லாகிரியும் அச்சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. நோயின் கதி இதுவாயிருக்க, திருட்டை ஒரு ஜாதியின் பிறவிக்குணம் என்பது சாஸ்திரமாகாது.

சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசமெங்கும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. சேலம் உப்புக் குறவரும் சேலம் மேல்நாட்டுக் குறவரும் இன்று சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் மாறியது போல் ஊராரின் மனமும் மாறியதா? களவு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? சித்தப்பிரமை கண்ட ஒருவர் உள்ள குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஏன் தயங்குகிறார்கள்? அப்பயத்தாலன்றோ நோயாளியை அறைக்குள் மறைத்து, வைத்தியம் செய்ய வேண்டிய காலத்தைக் கடத்துகிறார்கள்!

1917-ல் இயற்றப்பட்ட சட்டமன்று, 2017-ல் நம் பார்லிமெண்டே இயற்றிய மனநல பராமரிப்புச் சட்டம், சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. கிராமங்களில் பொதுத்தொண்டு செய்வோர் அவ்வுரிமையை வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்லவேண்டும். குற்றம் நடந்தால் செயலை விசாரிக்கட்டும். நோய் வந்தால் மருந்தைத் தேடட்டும். இரண்டிலும் குலத்தை விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே ஒழிந்தாலன்றி, 1911-ஆம் வருஷத்துச் சட்டம் முற்றும் ரத்தாகிவிட்டதென்று நாம் கொள்வதற்கில்லை.