ஜல்லி இறங்குவதற்கு முன் எழுதுங்கள்

தெருவில் புதுச் சாலை போட்ட மறுநாள் கூட்டம் கூடுகிறது. வாசற்படியைவிட ரோடு அரையடி ஏறிவிட்டது, மழை வந்தால் தண்ணீர் நேரே நடுவீட்டுக்குத்தான் என்று ஆளாளுக்குச் சத்தம். கவுன்சிலருக்குப் போன் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறுகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறார்கள். அந்த மனு மாநகராட்சிக்கே திருப்பி அனுப்பப்பட்டு, சாலை போட்ட அதே உதவிப் பொறியாளரின் மேசைக்கு வந்து, ‘பணி முடிக்கப்பட்டுவிட்டது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு மூடப்படுகிறது. வேலை முடிந்தது உண்மைதானே!

பெரிய நகரங்களைப்போல வழக்குப் போட ஆளும் பணமும் உள்ள அமைப்புகள் நடுத்தர நகரங்களில் குறைவு. ஆனால் கையில் இருக்கும் வழிகளைக்கூட நாம் நேரத்தில் பயன்படுத்துவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட மழையை எந்த வடிகாலும் தாங்காது, அதை விடுங்கள். சாதாரண ஐப்பசி மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதென்றால், பெரும்பாலும் காரணம் தெருவின் மட்டம்.

2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் (மில்லிங் என்கிறார்களே, அதுதான்) புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று எழுத்து மூலம் அறிவுறுத்தினார். ஆனால் உங்கள் தெருவுக்கு மில்லிங் உண்டா இல்லையா என்பது எஸ்டிமேட்டில் இருக்கிறது. எஸ்டிமேட் தயாராகும்போது நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், ஜல்லி இறங்கிய பிறகு கத்திப் பயனில்லை.

வாய் திறக்க இடம் இருக்கிறது. பகுதி சபா, பேச்சில் ஏரியா சபை. கிராமசபை தெரிந்த அளவுக்கு இது நகரத்தாருக்குத் தெரியாது. 2022இல் தமிழக அரசு இதற்கான விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள். அழைப்பிதழ் வரவில்லை, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று வீட்டில் உட்காராதீர்கள். வாக்காளர் என்பதே அழைப்பு.

போனால் என்ன நடக்கிறது? மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசுகிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பேசியது காற்றோடு போயிற்று. பேச்சைக் குறையுங்கள். கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள்: தெருப் பெயர், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, சாலைக்கும் வாசற்படிக்கும் இடையே இப்போது எத்தனை அங்குலம், வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது. கடைசி வரியில், ‘மில்லிங் செய்த பிறகே சாலை அமைக்க வேண்டும், இதைக் கூட்டப் பதிவேட்டில் ஏற்றக் கோருகிறோம்’ என்று எழுதுங்கள். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பதிவேட்டில் ஏறினால்தான் அது வார்டு குழுவுக்கும், அங்கிருந்து மாமன்றத்துக்கும் போக வழி உண்டு.

அதே மனுவை மறுநாள் மண்டல அலுவலகத்தின் தபால் பிரிவிலும் கொடுங்கள். உதவிப் பொறியாளர் கையில் நேராகக் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் மனுவும் அவரோடு போய்விடும். தபால் பிரிவில் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். எண் தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஆணையருக்கு அனுப்பிவிடுங்கள். பதிவு எண் இல்லாத மனு, கொடுக்காத மனு.

இத்தனைக்குப் பிறகும் சுரண்டாமலே போட்டுவிட்டார்களா? இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். இங்கே மக்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, குடியிருப்போர் நலச் சங்கத்தின் லெட்டர் பேடில் சங்கத்தின் பெயரில் அனுப்புவது. உரிமை குடிமகனுக்குத்தான், ஒருவர் தம் சொந்தப் பெயரில், சொந்தக் கையெழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, ‘ஏன் போட்டீர்கள், யாரைக் கேட்டுப் போட்டீர்கள்’ என்று சண்டைக்குப் போவது. அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: பணியின் எஸ்டிமேட் நகல், ஒர்க் ஆர்டர் நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பில் தொகை, பழுது ஏற்பட்டால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை என்று சொல்லும் ஒப்பந்தப் பக்கம்.

இவற்றில் எம்-புக்கை விட்டுவிடாதீர்கள். அதில் எழுதிய அளவுக்குத்தான் பணம் போகிறது. செய்யாத மில்லிங் இத்தனை சதுர மீட்டர் என்று அங்கே ஏறியிருந்தால், அது பொய் பில். மட்டம் உயர்ந்தது என்ற புகார் அங்கே முடிந்து, பணம் எங்கே போனது என்ற புகார் தொடங்குகிறது. அந்த நகலோடு ஆணையரிடமும் லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் போகலாம். நகல் இல்லாமல் போனால் அது வெறும் வதந்தி. ஆவணத்தை நேரில் பார்க்கவும், வேலையை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கவும்கூடத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. பலரும் இதைக் கேட்பதே இல்லை.

பதிலுக்கு 30 நாள். வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் கைவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் இந்தத் தேதிகளைத் தவறவிடுவது பெரும்பாலும் நாம்தான். விண்ணப்பம் போட்ட அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. வடிகால் மேல் கார் ஏற கான்கிரீட் சாய்தளம் கட்டி அடைத்தவர்களும், புதுச் சாலை போட்ட மறுமாதமே அனுமதியில்லாமல் குழாய்க்காகக் குறுக்கே வெட்டியவர்களும் நம் தெருக்காரர்கள்தான். குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பெல்லாம் சாலை வருமுன் கேட்டுப் பெறுங்கள். அதற்கான பணத்தை மாநகராட்சிக் கவுண்டரில் மட்டுமே கட்டி ரசீது வாங்குங்கள். தெருவில் நிற்கும் மேஸ்திரி கையில் கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்க ஆளில்லை.

இந்த வாரமே மண்டல அலுவலகத்துக்குப் போய், உங்கள் பகுதி சபா அடுத்து எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால், கடைசியாக எப்போது கூடியது, அதன் பதிவேட்டு நகல் வேண்டும் என்று எழுதி, 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.