மூலப்படமும் சுருக்கப்படியும்



தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த விதிகளுள் ஒன்று. ஆதலால், கணினியைப் பற்றிப் பேசப் புகுந்த நான் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வாழும் திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய ஊர். இங்குள்ள பக்தசனேசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. முதற் பராந்தகன் மகன் இராசாதித்தன் பெயரையும் அவற்றிற் காணலாம். கல்வெட்டாய்வாளர் நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்து, தூரிகையால் அடித்துப் படியவைத்து, மேலே மை ஒற்றி எழுத்தை உள்ளவாறே எடுப்பர். அதற்கு மைப்படி என்று பெயர். பின்னர் அதனைப் படித்து நூலில் அச்சிடுவர். 1890-இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசை அவ்வாறு உருவானதே. நூல் வந்துவிட்டது என்பதற்காக மைப்படியை எவரும் எறிந்துவிடுவதில்லை. பாடத்தில் ஐயம் எழுந்தால் மைப்படியைத்தானே மீண்டும் நோக்க வேண்டும்? ஒளிப்படங்களைச் சுருக்கி இணையதளத்தில் ஏற்றுவோர்க்கும் இந்நெறி பொருந்தும்.

சுருக்குவது எதற்கு? கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் கொண்டது எனக் கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 36 மெகாபைட் ஆகும். கைப்பேசி அதனை ‘ஜேபெக்’ முறையில் ஏறத்தாழ 4 மெகாபைட்டாக ஒடுக்கித் தருகிறது. அப்படியும் 200 படங்களுக்கு 800 மெகாபைட் ஆகிவிடும். அலைவரிசை மெலிந்த மலையூரிலிருந்து இவற்றை ஏற்றுவது எளிதன்று.

1992-இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் முறையின் அடிப்படைக் கணக்கு நம்மவர் தந்தது. பெங்களூரிற் பிறந்த நாசிர் அகமது, நடராசன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் அதனை வெளியிட்டனர். படம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகள் குறைக்கப்படுகின்றன. பல அடியோடு விடப்படுகின்றன. விடப்பட்டது விடப்பட்டதே; பின்பு பெரிதாக்கினாலும் அது திரும்பாது. முகத்தைக் காட்டும் படத்தில் இதனால் குறையொன்றும் தோன்றுவதில்லை. ஆனால் தேய்ந்த கல்லெழுத்து அந்த நுண்ணிய ஒளிநிழல் வேறுபாட்டினால் மட்டுமே நமக்குப் புலப்படுகிறது. இங்கேதான் விழிப்பு வேண்டும்.

சுருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. 1,600-க்கு 1,200 என்று குறைத்தால் புள்ளிகள் ஆறில் ஒரு பங்கினும் குறைந்துவிடும். மற்றொன்று, நூறு வரை செல்லும் தர அளவைத் தாழ்த்துவது. 80 அளவில் பெரும்பாலான படங்கள் கெடுவதில்லை. மிகத் தாழ்த்தினால் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இருநூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்க வேண்டியதில்லை. 1996-இல் வெளிவந்த ‘இர்ஃபான்வியூ’ என்னும் மென்பொருள் அனைத்தையும் ஒருசேரச் சுருக்கித் தரும். முதலில் ‘மூலம்’, ‘படி’ என இரண்டு கோப்புறைகளை அமையுங்கள். எடுத்த படங்கள் யாவும் மூலத்தில் இருக்கட்டும். தொகுதி மாற்றத்துக்குரிய பகுதியைத் திறந்து, எல்லாப் படங்களையும் சேர்த்து, நீண்ட பக்கம் 1,600 என்றும் தரம் 80 என்றும் குறியுங்கள். வெளிவரும் படங்கள் சேர வேண்டிய இடமாகப் ‘படி’ கோப்புறையைக் காட்டுங்கள். முதலில் ஒரே படத்தைச் சுருக்கி, எழுத்துத் தெளிவாக உள்ளதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குங்கள்.

கோப்புறையைப் பிரித்து வைக்கச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று. ‘இமேஜ்மேஜிக்’ தொகுப்பிலுள்ள ‘மோக்ரிஃபை’ என்னும் கட்டளை, வேறிடம் சுட்டாவிட்டால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். ஒரு நொடியில் இருநூறு மூலங்களும் போய்விடக்கூடும். சுருக்கிய படியிலிருந்து மறுபடி சுருக்குவதும் தவறு. ஒவ்வொரு முறையும் இழப்புக் கூடும். வேறோர் அளவு வேண்டுமாயின் மூலத்திடமே செல்லுங்கள்.

எவ்வளவு சுருக்குவது என்பதனைப் பயன்தான் முடிவு செய்யும். வங்கிப் பணித் தேர்வு விண்ணப்பத்தில் 20 முதல் 50 கிலோபைட் வரை உள்ள படம் கேட்பார்கள். ஆளை அடையாளம் காண அது போதும். விக்கிமீடியா பொதுவகமோ, நம்மிடமுள்ள மிகப் பெரிய அளவையே விரும்புகிறது. அங்கே சுருக்கிக் கொடுப்பது பின்வருவோரின் ஆய்வைச் சுருக்குவதாகும்.

தமிழகக் கோயில்கள் சிலவற்றில், திருப்பணியின்போது மணலை வீசிக் கல்லைத் தூய்மை செய்ததனால் கல்வெட்டுகள் தேய்ந்து போயின. அத்தகைய இடத்தில், முன்பு எடுத்து வைத்த ஒளிப்படமே எழுத்துக்குச் சான்றாக நிற்கும். ஆகவே, படத்துக்கு எந்தச் சுவர், எந்த நாள் என்று பெயரிடுங்கள். மூலத்தை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். அதன் பிறகு, படியை வேண்டியவாறு சுருக்கிக் கொள்ளுங்கள்.