கரையில் கிடைத்த காசு கப்பலுக்குச் சாட்சியா?

பினாங்கின் பத்து பிரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ பச்சை பூத்த பழங்காசு ஒன்று கிடைத்தால், அருகில் ஏதோ கப்பல் மூழ்கியிருக்கிறது என்றுதான் மனம் முதலில் நினைக்கும். பினாங்குக் கடலில் கப்பல்கள் மூழ்கியது உண்மை. 1914 அக்டோபர் 28 அன்று ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்திலேயே மூழ்கடித்தது. ஆனாலும் ஒற்றைக் காசை வைத்துக் கப்பலைச் சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கென்றே அடித்த செப்புக்காசும் ஸ்பானிய வெள்ளியும் இத்தீவின் கடைகளில் அன்றாடம் கைமாறியவை. அந்தக் காசு படகோட்டியின் மடியிலிருந்து நழுவியிருக்கலாம், நேர்த்திக்கடனாகக் கடலில் போட்டதாக இருக்கலாம், கரையோரம் தூர்க்கக் கொட்டிய மணலோடு வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். காசில் பொறித்த ஆண்டும் மூழ்கிய ஆண்டைச் சொல்லாது. அந்த ஆண்டுக்கு முன்னால் அது கடலில் விழவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

அப்படியானால் எதுதான் சாட்சி? காசு கிடந்த இடமும் அதனுடன் கிடந்தவையும். இலங்கையின் தென்கிழக்கே, கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் 1961இல் முக்குளிப்பாளர் மைக் வில்சன் கண்ட வெள்ளி ரூபாய்கள் ஔரங்கசீப் காலத்தவை. சூரத்தில் ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702 வாக்கில், அடித்தவை. ஒரே அக்கசாலை, ஒரே ஆண்டு, பைக்குள் இருந்த வடிவம் மாறாமல் இறுகிய கட்டிகள், பக்கத்திலேயே பீரங்கி. அவற்றில் ஒரு ரூபாய் மட்டும் யார் வீட்டு அலமாரியிலோ கிடந்திருந்தால், அது வெறும் மொகலாயக் காசுதான்.

ஆகவே காசைக் கிடந்த இடத்திலேயே விடச் சொன்னால், “நான் எடுக்காவிட்டால் அலை கொண்டுபோய்விடும்” என்பார்கள். நியாயமான பேச்சுதான். அலை இழுக்கும் இடமென்றால் எடுக்கலாம். முதலில் கிடந்த நிலையில் படமெடுத்து, கைப்பேசியில் இடத்தைக் குறித்துவிட வேண்டும். தோண்டக் கூடாது. புளி போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கேடு. எழுத்தும் போகும், ஒட்டியிருக்கும் படிவும் போகும். “கண்டெடுத்தவருக்கே சொந்தம்” என்ற நம்பிக்கைக்கு மலேசியாவில் இடமில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இன்படி, பண்பாட்டு மதிப்புள்ளது என்று கருத இடமுள்ள பொருளைக் கண்டவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்குக் குறையாமல் நீரில் கிடந்த மனிதத் தடயங்களை அச்சட்டம் நீரடி மரபுடைமை என்கிறது. காசை விற்றுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது தற்காப்பாகாது. “ஒப்படைத்தால் எனக்கென்ன மிஞ்சும்?” என்ற கேள்வியிலும் தவறில்லை. கண்ட நாள், இடம், காசின் இரு பக்கப் படம், உங்கள் பெயர் அனைத்தையும் மனுவாக எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இழப்பீடு உண்டா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.