தாத்தா மூட்டை சுமந்தார். பேத்தி என்ன சுமப்பாள்?

சென்னையில் கொத்தவால் சாவடி என்று ஒரு காய்கறிச் சந்தை இருந்தது. விடிவதற்கு முன்பே அங்கே லாரிகள் வந்து நிற்கும். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் கூலியாட்களின் முதுகில் ஏறித்தான் கடைக்குப் போகும்.

1996ஆம் ஆண்டு சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. இடம் பெரிதாயிற்று. சாலை அகலமாயிற்று.

ஆனால் மூட்டை? அது மாறவில்லை!

சாவடியில் தாத்தா சுமந்தார். கோயம்பேட்டில் அப்பா சுமக்கிறார். இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ! அப்படி ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். புளியந்தோப்பில் ஒற்றை அறை வீடு. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள்.

நாளைக்கு அந்தப் பெண்ணும் நாலு வீட்டுக்கு வேலைக்குப் போவாளா? அல்லது கல்லூரிக்குப் போவாளா?

"படித்தால் முன்னேறலாம்" என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்வது சுலபம். பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. ஏழைக் குழந்தை எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறதோ, அந்தந்த இடத்தில் ஒரு கை நீள வேண்டும்.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை கண்டுகொண்டது.

ஓர் அணா சிற்றுண்டி

அது 1920ஆம் ஆண்டு. ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. படித்தவர்கள் எல்லோரும் பரம ஏழைகளின் பிள்ளைகள். வயிறு காய்ந்தால் பள்ளிக்கு எப்படி வருவார்கள்?

அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி மன்றம் முடிவு செய்தது. ஒரு நிபந்தனை: ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய்.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் போயிற்று. பலன் என்ன தெரியுமா? 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671 பிள்ளைகள்! இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்!

ஆனால் 1925இல் வெள்ளைக்கார அரசாங்கம் குறுக்கே வந்தது. ஆரம்பக் கல்விக்கான நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டது.

விதை மட்டும் சாகவில்லை. 1956இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் அது நகரங்களுக்கும் வந்தது.

காலை வேளை மட்டும் பாக்கி இருந்தது. அம்மா ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டால் பிள்ளைக்கு இட்லி சுடுவது யார்? 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று.

சந்தேகம் கேட்க ஆள் இல்லை

வயிறு நிறைந்தது. பாடம் புரிந்ததா?

படித்த வீட்டில் கணக்கு வராவிட்டால் அப்பா சொல்லிக் கொடுப்பார். அக்காவோ அண்ணனோ உதவுவார்கள். நம் புளியந்தோப்புப் பெண் யாரைக் கேட்பாள்? அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இன்று புரியாத பாடம் நாளைக்கு மலையாகும். பிறகு பள்ளிக்கூடமே கசந்துவிடும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்தையே மறந்தார்கள். அதற்காக 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் இருந்த படித்த பெண்களே மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார்கள். கோயில் திண்ணை, சமுதாயக் கூடம், வீட்டு வாசல் எல்லாம் வகுப்பாயின.

பெரிய படிப்புப் படித்தவர்தான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் போதும்.

வீடு மாறினால் படிப்பும் போகுமா?

கூவம் கரையிலும் சாலை ஓரத்திலும் குடிசை போட்டிருந்த குடும்பங்களை அரசு வேறு இடங்களில் குடியமர்த்தியது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 2000ஆம் ஆண்டு முதல் குடும்பங்கள் குடியேறின. பிறகு பெரும்பாக்கம் வந்தது.

சிமெண்டு வீடு கிடைத்தது. மழைக்கு ஒழுகாது. நல்லதுதான். ஆனால் அம்மா வேலை செய்த வீடுகள் எங்கோ இருந்தன. பிள்ளை படித்த பள்ளியும் எங்கோ இருந்தது. பள்ளி ஆண்டின் நடுவிலேயே வீடு மாற நேர்ந்தபோது பல பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றது.

வீடு கொடுக்கும்போதே பள்ளியும் பஸ்ஸும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது போல் ஆகும்.

நூறு நாள் தண்டல்

பள்ளி பக்கத்திலேயே இருந்தாலும் ஆபத்து தீரவில்லை. ஒரு நாள் அப்பாவின் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூட்டை தூக்க முடியவில்லை. வீட்டில் பணம் இல்லை. தண்டல்காரர் வருகிறார்.

கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்று பெயர். கையில் கிடைப்பது 8,500. திருப்பித் தருவது தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள். முதல் பிடித்தம் 1,500 ரூபாய்! ஒரு நாள் தவறினாலும் வாசலில் வந்து சத்தம் போடுவார்.

அப்போது ஒரு பேச்சு எழும். "பெண்ணை ஒரு துணிக்கடையில் சேர்த்துவிடலாமா? அடுத்த வருஷம் படிக்கட்டும்."

அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதே இல்லை! படிப்பை நிறுத்துவது புத்தகம் அல்ல, பரீட்சை அல்ல. வீட்டுக் கடன்தான்.

இந்த இடத்தில் கை கொடுப்பது மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய ஏற்பாடு இது. வாரா வாரம் சிறுகச் சேர்த்தால் அவசரத்துக்குக் குழுவிலேயே கடன் வாங்கலாம். அம்மா குழுவில் இருந்தால் மகள் பள்ளியில் இருப்பாள்.

வீட்டின் முதல் பட்டதாரி

பிளஸ்-2 தேறிவிட்டாள். இனி என்ன? கல்லூரிக்கு எப்படி மனுப் போடுவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இதுதான் கடைசிப் பள்ளம்.

தெரிந்தவர்கள் சொல்ல வேண்டிய செய்திகள் இவை:

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருவரும் பட்டம் பெறாதிருந்தால் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்கு இதன்பேரில் கல்விக் கட்டணச் சலுகை தரும் ஏற்பாடு 2010இல் வந்தது.

2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் அந்த ஒதுக்கீடு வந்தது.

2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது அதன் ஏற்பாடு. தொடக்க விழா நடந்த இடம் வட சென்னையின் பாரதி மகளிர் கல்லூரி. 2024 ஆகஸ்டில் பையன்களுக்காகத் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். பஸ் செலவு ஆகும். நோட்டுப் புத்தகம் ஆகும். "காலேஜுக்குப் போவதால் வீட்டுக்குப் பாரம்" என்ற பேச்சு நிற்கும்!

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் திட்டம் போடலாம். மனு எழுதித் தருவது யார்? சான்றிதழ் வாங்க எங்கே போக வேண்டும் என்று சொல்வது யார்? கடைசித் தேதியை ஞாபகப்படுத்துவது யார்? இதற்குப் பணம் வேண்டாம். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பிளஸ்-2 முடிவு வரும் நாளிலும் அந்த அம்மா வழக்கம்போல யாரோ ஒருவர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருவார். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

"மகளுக்கு எத்தனை மார்க்கு அம்மா?" என்று கேளுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

"எந்தக் காலேஜுக்கு மனுப் போட்டாச்சு?"